பைண்டர் இருக்கிறது, வீடு எங்கே?

போன வருடம் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தடித்த பைண்டர் வந்து உட்கார்ந்தது. நீல அட்டை, நடுநடுவே வண்ணப் பிரிப்புத் தாள்கள், முதல் பக்கத்தில் குடும்பப் பெயரோடு 'ரிவோக்கபிள் லிவிங் டிரஸ்ட்' என்று பெரிய எழுத்து. 2016இல் ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் டாலர் கொடுத்து எழுதி வாங்கியது. "எங்களுக்கு எல்லாம் ரெடி, கவலையே இல்லை" என்றார்.

சரி, வீட்டுப் பத்திரத்தைக் காட்டுங்கள் என்றேன்.

மாடிக்குப் போய் வீட்டுக்கடன் கோப்பை எடுத்து வந்தார். ஒரு தாளைத் தட்டிக் காட்டி, "இதோ பாருங்க, டீட் ஆஃப் டிரஸ்ட்னு போட்டிருக்கே" என்றார். கலிபோர்னியாவில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். டீட் ஆஃப் டிரஸ்ட் என்பது இங்கே அடமானப் பத்திரம். கடன் கொடுத்தவருக்காக வீட்டை ஈடாக எழுதிக் கொடுத்த தாள். குடும்ப டிரஸ்டுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு. நாங்கள் தேடவேண்டியது கிராண்ட் டீட், அதாவது வீடு யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும் பத்திரம். அதையும் தேடி எடுத்தோம். கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தன. டிரஸ்ட் என்ற வார்த்தையே அதில் இல்லை. தேதி 2021.

2021இல் வட்டி குறைந்திருந்தபோது ரீஃபைனான்ஸ் செய்திருக்கிறார்கள், அதாவது பழைய கடனை அடைத்துக் குறைந்த வட்டிக்குப் புதுக் கடன். 2016இல் ஒழுங்காக டிரஸ்டுக்குள் போன வீட்டை, கடன் கொடுத்த நிறுவனம் கேட்டதற்காக வெளியே எடுத்து இருவர் பெயருக்கும் மாற்றியிருக்கிறார்கள். புதுக் கடன் வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே வைக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை. நான்கு வருடமாக அந்த டிரஸ்ட் காலியாகக் கிடந்திருக்கிறது.

டிரஸ்ட் என்றதும் நம் ஆட்களுக்கு அறக்கட்டளைதான் நினைவுக்கு வரும். அன்னதானம், கல்யாண மண்டபம், இன்ஜினியரிங் காலேஜ். லிவிங் டிரஸ்ட் அந்த வகை இல்லை. சொத்தைக் கொடுப்பவர் ஒருவர், அதை நிர்வகிக்கும் டிரஸ்டி ஒருவர், அனுபவிக்கும் பெனிஃபிஷியரி ஒருவர் என்று மூன்று வேடம் இதில் உண்டு. உயிரோடு இருக்கும்வரை மூன்று வேடத்தையும் நீங்களே போட்டுக்கொள்கிறீர்கள். வீட்டை விற்கலாம், வாடகைக்கு விடலாம், நாளைக்கே மனம் மாறி டிரஸ்டைக் கிழித்தும் போடலாம். ரிவோக்கபிள் என்றால் திரும்பப் பெறக்கூடியது, அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு, அல்லது நினைவு தவறிப் படுக்கையில் விழுந்த பிறகு, டிரஸ்டி நாற்காலியில் யார் உட்காரவேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பீர்கள். அவருக்கு சக்சஸர் டிரஸ்டி என்று பெயர்.

அந்த நாற்காலிதான் முழு சூட்சுமமும். செத்தவரால் கையெழுத்துப் போட முடியாது. வீடு அவர் பெயரில் இருந்தால் அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட யாருக்காவது நீதிமன்றம் அதிகாரம் கொடுத்தாகவேண்டும். அந்த வழக்குக்குத்தான் புரோபேட் என்று பெயர். உயில் எழுதி வைத்தால் நீதிமன்றத்துக்குப் போகவேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உயில் என்பதே நீதிபதிக்கு எழுதும் கடிதம் மாதிரி. அவர் படித்து ஏற்றுக்கொண்டால்தான் அதற்கு உயிர். டிரஸ்டில் வீட்டுக்குச் சொந்தக்காரர் டிரஸ்டி. ஆள் போனாலும் நாற்காலி போவதில்லை, அடுத்தவர் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்.

நீதிமன்றத்துக்குப் போனால் என்ன, நம் ஊர் சிவில் வழக்கு மாதிரியா இழுக்கும் என்று கேட்கலாம். அந்த அளவுக்கு இல்லை. ஆனால் கலிபோர்னியாவில் செலவு கொஞ்சம் விசேஷமானது. இங்கே புரோபேட் வக்கீல் கட்டணத்தைச் சட்டமே சதவீதமாக எழுதி வைத்திருக்கிறது. சொத்து மதிப்பில் முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அடுத்த 8 லட்சத்துக்கு 2, அடுத்த 90 லட்சத்துக்கு 1 சதவீதம். நிர்வாகம் பார்க்கும் எக்ஸிக்யூட்டருக்கும் இதே அளவு தனியாக உண்டு.

நண்பர் வீட்டின் மதிப்பு 15 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 4,000, 3,000, 16,000, 5,000. மொத்தம் 28,000. எக்ஸிக்யூட்டரும் தன் பங்கைக் கேட்டால் 56,000. இதில் வயிற்றெரிச்சலான விஷயம், கடனைக் கழிக்கமாட்டார்கள். வீட்டின் மேல் 9 லட்சம் கடன் பாக்கி இருந்து, குடும்பத்துக்கு உண்மையில் 6 லட்சம்தான் தேறும் என்றாலும் கணக்கு 15 லட்சத்துக்குத்தான். எக்ஸிக்யூட்டர் சொந்தப் பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் கட்டணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அது வருமானமாகி வரி கட்டவேண்டியிருக்கும், வாரிசாகப் பெற்றால் அந்த வரி இல்லை. வக்கீல் அப்படிச் சொல்லமாட்டார்.

காலம்? உள்ளூர்ப் பத்திரிகையில் மூன்று முறை அறிவிப்பு வரவேண்டும். எக்ஸிக்யூட்டருக்கு அதிகாரம் கிடைத்த பிறகு கடன்காரர்களுக்காக நான்கு மாதம் காத்திருக்கவேண்டும். எல்லாம் ஒழுங்காகப் போனாலே கிட்டத்தட்ட ஒரு வருடம் ஓடிவிடும். தாக்கலாகும் எல்லாத் தாளும் பொது ஆவணம். யாருக்கு எவ்வளவு என்று பக்கத்து வீட்டுக்காரரும் போய்ப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பிழைத்திருப்பவருக்கு உரிமை போகும்படி பத்திரம் இருந்தால், ஒருவர் இறக்கும்போது புரோபேட் வராது. வீடு மற்றவருக்குத் தானாகப் போய்விடும். சிக்கல் இரண்டாமவர் போகும்போது. அல்லது இருவரும் ஒரே காரில் போகும்போது. டிரஸ்ட் விற்கும் கருத்தரங்குகளில் இந்த வேறுபாட்டைச் சொல்லமாட்டார்கள். இலவச மதியச் சாப்பாடு போட்டுக் கூப்பிடும் இடங்களில் டிரஸ்ட் சில சமயம் தூண்டில் புழு மட்டும்தான், பின்னாலேயே வயதானவர்கள் தலையில் கட்டுவதற்கு ஆனுயிட்டி என்ற இன்ஷூரன்ஸ் ஓய்வூதியத் திட்டம் வரும்.

இன்னொன்று, 2025 ஏப்ரல் 1 முதல் கலிபோர்னியாவில் விதி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. அன்றோ அதற்குப் பிறகோ இறந்தவர் குடியிருந்த வீடு 7,50,000 டாலருக்குள் இருந்தால், முழுப் புரோபேட் இல்லாமல் ஒரு சுருக்கமான மனுவோடு வாரிசுக்கு மாற்றலாம். ஃப்ரெஸ்னோ, பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் பல குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஃப்ரீமாண்டில் அந்த விலைக்கு வீடு தேடினால் சிரிப்பார்கள். இந்த 7,50,000 வரம்புக்கும் கடனைக் கழிக்காத மொத்த மதிப்புதான் கணக்கு.

வீட்டை எப்படி உள்ளே வைப்பது என்பது கேட்பதைவிடச் சின்ன வேலை. டிரஸ்ட் டிரான்ஸ்ஃபர் டீட் என்று ஒரு பத்திரம். அதில் கணவன் மனைவியாகிய நாங்கள், இன்ன தேதியிட்ட இன்ன குடும்ப டிரஸ்டின் டிரஸ்டிகளாகிய எங்களுக்கே இந்த வீட்டை மாற்றித் தருகிறோம் என்று இருக்கும். தனக்குத்தானே எழுதிக் கொடுப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். நோட்டரி முன்னால் கையெழுத்து, கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவு, கூடவே வீட்டு வரி அதிகாரிக்காக உரிமை மாற்ற அறிக்கை ஒன்று. இதனால் வீட்டு வரி மறுமதிப்பீடு வராது. விற்பனை இல்லை என்பதால் பத்திர மாற்ற வரியும் கிடையாது. கடன் கொடுத்தவர் மொத்தத்தையும் உடனே கட்டு என்று கேட்பாரோ என்ற பயம் பலருக்கு உண்டு. நீங்கள் பெனிஃபிஷியரியாக இருந்து அதே வீட்டில் குடியிருக்கும்வரை அப்படிக் கேட்க முடியாது என்று 1982ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று சொல்கிறது. வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு டிரஸ்டின் பெயரையும் சேர்க்கச் சொல்லவேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

பத்திரத்தை மாற்ற மறந்துவிட்டால் எல்லாம் போச்சா என்றால், கலிபோர்னியாவில் ஒரு சந்து இருக்கிறது. அதைத் திறந்தது ஹெக்ஸ்டட் வழக்கு. 1989 மே மாதம் ஒருவர் டிரஸ்ட் எழுதுகிறார். பின்னிணைப்புப் பட்டியலில், மென்லோ பார்க்கில் ஒரு சொத்தில் தனக்கிருந்த ஏறக்குறைய 35 சதவீதப் பங்கையும் சேர்க்கிறார். பத்திரத்தை மட்டும் மாற்றவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார், அடுத்த ஆண்டு இறந்துவிடுகிறார். அந்தப் பங்கு டிரஸ்டுக்குள் வரவே இல்லை, அதில் எனக்குப் பாகம் உண்டு என்கிறார் புது மனைவி. இல்லை, அப்பா பட்டியலில் எழுதியிருக்கிறார் என்கிறார் சக்சஸர் டிரஸ்டியான மகன். 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மகன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கொடுப்பவரும் டிரஸ்டியும் ஒரே ஆளாக இருந்து, இந்தச் சொத்தை டிரஸ்டுக்காக வைத்திருக்கிறேன் என்று அவரே எழுத்தில் சொல்லியிருந்தால், தனியாகப் பத்திரம் இல்லாவிட்டாலும் போதும் என்றது. இன்றைக்கும் வக்கீல்கள் ஹெக்ஸ்டட் மனு என்றுதான் பேசுகிறார்கள். முழுப் புரோபேட்டைவிட அது வேகம், செலவும் குறைவு. ஆனாலும் வக்கீல், நீதிமன்றம், விசாரணைத் தேதி எல்லாம் உண்டு. எதைத் தவிர்க்க டிரஸ்ட் எழுதினோமோ அங்கேயே போய் நிற்பதுதான்.

பணமும் வக்கீலும் நிறைய இருந்தால் இந்தத் தவறு நடக்காது என்றும் சொல்ல முடியாது. மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூன் 25 அன்று இறந்தார். அவருக்கு டிரஸ்டும் இருந்தது, 2002 ஜூலை 7 தேதியிட்ட உயிலும் இருந்தது. உயிலின் சாரம், என் சொத்து முழுவதும் மைக்கேல் ஜாக்சன் ஃபேமிலி டிரஸ்டுக்குப் போகட்டும் என்பதுதான். இந்த மாதிரி உயிலுக்குப் போர்-ஓவர் வில் என்று பெயர். டிரஸ்டுக்கு வெளியே சிந்திக் கிடப்பதை அள்ளி உள்ளே ஊற்றுவது அதன் வேலை. எல்லா டிரஸ்ட் பைண்டரிலும் ஒன்று இருக்கும், நண்பர் பைண்டரிலும் இருந்தது. ஆனால் அதுவும் உயில்தானே, அள்ளுவதற்கு முன் நீதிமன்றத்தின் வழியாகத்தான் போகவேண்டும். கீழே கொஞ்சம் சிந்தியிருந்தால் பரவாயில்லை. ஜாக்சன் விஷயத்தில் பெரும் சொத்து அவர் பெயரிலேயே இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்ற மேற்பார்வையில் 15 வருடத்துக்கும் மேலாக அந்த நிர்வாகம் நடந்தது. உயிலை உலகமே படித்தது.

வீட்டுக்கு அடுத்தது மற்ற சொத்து. வங்கி, பங்குச்சந்தைக் கணக்குகளை டிரஸ்டின் பெயருக்கு மாற்றலாம். முழு டிரஸ்டையும் வங்கியில் காட்டவேண்டாம், டிரஸ்டி யார், அதிகாரம் என்ன என்று சொல்லும் சுருக்கச் சான்று ஒன்று போதும். 401கே, ஐஆர்ஏ மாதிரி ஓய்வுக்காலக் கணக்குகளை மாற்றவே கூடாது. மாற்றினால் மொத்தப் பணத்தையும் எடுத்ததாகக் கணக்கிட்டு வரி போட்டுவிடுவார்கள். அவற்றுக்கு நாமினி படிவம்தான் வழி. அந்தப் படிவம் உயிலையும் டிரஸ்டையும் விட வலியது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டுவிட்டு மறந்துபோன ஐஆர்ஏ கணக்குகள் எத்தனையோ.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எனக்கு வீட்டைவிட இன்ஷூரன்ஸ்தான் முதல் கவலை. 10 லட்சம் டாலர் டெர்ம் இன்ஷூரன்ஸில் மனைவிக்கு அடுத்த நாமினியாக ஏழு வயது மகள் பெயரை நேரடியாகப் போட்டிருப்பார்கள். கம்பெனி ஏழு வயதுக் குழந்தைக்குக் காசோலை எழுதாது. பணத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும், 18 வயது ஆனதும் மொத்தத்தையும் கையில் கொடுத்துவிடும். பதினெட்டு வயதில் என் கையில் அவ்வளவு பணம் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. நாமினியாக டிரஸ்டைப் போட்டால், படிப்புச் செலவுக்கு வேண்டியபோது, மீதியில் பாதி 25 வயதில், மிச்சம் 30இல் என்று நம் விருப்பப்படி எழுதி வைக்கலாம். குழந்தை யாரிடம் வளரவேண்டும் என்பதை மட்டும் வழக்கமாக டிரஸ்டில் எழுதுவதில்லை. அதற்கு உயில்தான் இடம்.

யாரிடம் வளரவேண்டும், யார் பணத்தைப் பார்க்கவேண்டும் என்ற கேள்வியில் நம் குடும்பங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நம்பிக்கைக்குரிய ஆள் என்றால் முதலில் வாயில் வருவது கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன்தான். நண்பர் பைண்டரிலும் சக்சஸர் டிரஸ்டி அவர் அண்ணன்தான். அண்ணன் தங்கமான மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு டிரஸ்ட் அமெரிக்க டிரஸ்டாக இருக்க, இங்குள்ள நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குள் வருவதோடு, முக்கிய முடிவுகள் எல்லாம் அமெரிக்கக் குடிமக்கள் அல்லது வரி நோக்கில் இங்கே வசிப்பவர்கள் கையில் இருக்கவேண்டும் என்கிறது கூட்டாட்சி வரிச் சட்டம். இந்தியாவில் வசிக்கும், அமெரிக்கக் குடியுரிமை இல்லாத அண்ணன் தனியாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது வெளிநாட்டு டிரஸ்ட் ஆகிவிடக்கூடும். தனிப் படிவங்கள், கடுமையான அபராதங்கள், சில சமயம் சொத்தை விற்றதாகவே பாவித்து வரி. எதிர்பாராமல் அப்படி ஆகிவிட்டால் சரிசெய்ய 12 மாதம் அவகாசம் உண்டு என்பது ஆறுதல். குழந்தையை அண்ணன் வளர்க்கட்டும், பணத்தை இங்கே இருக்கும் ஒருவர் பார்க்கட்டும் என்று பிரிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அண்ணனிடம் இதைச் சொல்வது வரிச் சட்டத்தைவிடக் கஷ்டம், தெரியும்.

ஊரில் இருக்கும் சொத்துக்கு இந்த பைண்டர் உதவாது. சென்னை ஃபிளாட்டின் பெயர் மாற அங்கே சார்பதிவாளர் அலுவலகமும் முத்திரைத்தாளும்தான். பட்டியலில் ஒரு வரி எழுதினால் மாறாது. இந்தியச் சொத்துக்குத் தனி உயில் எழுதுவதுதான் வழக்கம். அதை எழுதும்போது ஒரு வரியில் கண் இருக்கட்டும். நம் ஊர் உயில்கள் பெரும்பாலும் "இதற்கு முன் நான் எழுதிய உயில்கள் அனைத்தையும் இதன்மூலம் ரத்து செய்கிறேன்" என்றுதான் ஆரம்பிக்கும். லீவுக்குப் போன இடத்தில் மாமாவுக்குத் தெரிந்த வக்கீலிடம் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டால், அமெரிக்க உயிலும், அதிலிருக்கும் குழந்தைக்கான கார்டியன் பெயரும் சேர்ந்தே ரத்தாகிவிடலாம். இந்தியாவில் உள்ள சொத்துக்கு மட்டும் என்று அந்த வரியைச் சுருக்கச் சொல்லவேண்டும்.

வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ரிவோக்கபிள் டிரஸ்டை வரித்துறை ஒரு தனி ஆளாகவே பார்ப்பதில்லை. வருமானம் உங்கள் வரி எண்ணிலேயே, உங்கள் படிவத்திலேயே வரும். இறந்த பிறகு, விட்டுப்போகும் சொத்தின் மேல் கூட்டாட்சி போடும் எஸ்டேட் வரிக் கணக்கிலும் உங்கள் சொத்துதான். அந்த வரியே 2026இல் ஒருவருக்கு 1.5 கோடி டாலருக்கு மேல் இருந்தால்தான், கலிபோர்னியாவில் மாநில அளவில் அப்படி ஒரு வரியே இல்லை. விசாவில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்கவேண்டும். நிரந்தரமாக இங்கேயே இருக்கும் எண்ணம் இல்லாதவர் என்று முடிவானால் விலக்கு 60,000 டாலர்தான். அதற்கும் டிரஸ்ட் மருந்து இல்லை. அதேபோல வழக்குப் போட்டு ஜெயித்தவர்களிடமிருந்தும் இது காப்பாற்றாது. உங்களால் திரும்ப எடுக்க முடிந்த சொத்தை உங்கள் கடன்காரராலும் எடுக்க முடியும்.

எல்லா மாநிலத்திலும் இது இதே அளவுக்கு அவசியமும் இல்லை. டெக்சாஸில் உயிலில் சரியான வார்த்தைகள் இருந்தால் எக்ஸிக்யூட்டர் நீதிமன்றத்தை அடிக்கடி தொந்தரவு செய்யாமலே வேலையை முடித்துவிடலாம். டாலஸில் இருக்கும் தம்பி கேட்டபோது, முதலில் நல்ல உயிலும் நாமினி படிவங்களும் போதும் என்றுதான் சொன்னேன். அவனுக்குக் கலிபோர்னியாவில் வாடகைக்கு விட்டிருக்கும் சொந்த வீடு ஒன்றும் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. வீடு எந்த மாநிலத்திலோ புரோபேட் அந்த மாநிலத்தில். அதனால் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

ஃப்ரீமாண்ட் நண்பருக்குப் புது டிரஸ்ட் தேவைப்படவில்லை. பழையதே செல்லும். அதே வக்கீலிடம் ஒரு டிரான்ஸ்ஃபர் டீட் எழுதச் சொல்லி, இருவரும் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஓக்லாண்டில் அலமீடா கவுண்டி அலுவலகத்துக்குப் போனார்கள். சில வாரம் கழித்து மூலப் பத்திரம் தபாலில் திரும்பி வந்தது, வலது மேல் மூலையில் பதிவு எண்ணோடு. அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "இப்போ வட்டி குறையுதாமே, மறுபடி ரீஃபைனான்ஸ் பண்ணலாமா?"